நான்காவது கட்டம்

தேநீரில் எனக்குச் சீனி வேண்டாம் என்று அந்தக் கான்ஸ்டபிளிடம் சொல்லிவிடுங்கள், இன்ஸ்பெக்டர் மஹத்தயா. இரண்டு நாளாகச் சொல்கிறேன், இரண்டு நாளாகச் சீனிப் பாகு போலத்தான் வருகிறது. தேயிலை மலைக்குக் கீழே இருந்துகொண்டு ஒரு வாய் நல்ல தேநீர் ஊற்றத் தெரியாதவர்கள் கொலை வழக்கு விசாரிக்கிறீர்கள். பரவாயில்லை.

தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள். எனக்குச் சிங்களம் உங்கள் சார்ஜன்டைவிடத் திருத்தமாக வரும். ஆனால் கணிதத்தை நான் தமிழில் படித்தவன். இதை மொழிபெயர்க்கப் போகிறவர் தாயம், துணிகோவை என்ற சொற்களைக் கண்டதும் மிரண்டுபோவார். மிரளட்டும். அவருக்காக நான் பாலர் வகுப்பு நடத்த முடியாது.

என் பெயர் ரெஜினோல்ட். வயது ஐம்பத்துமூன்று. றக்வானைக்கு மேலே அல்பர்ட்வேல் தோட்டத்துப் பாடசாலையில் இருபத்தாறு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். படிப்பிக்கிறேன் என்பது பேச்சுக்கு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். என் வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள். அதனால் மாலையில் வீட்டுக்கு வந்து, எனக்காக நான் கணிதம் செய்துகொண்டேன். பதினொரு வருடம் அப்படிச் செய்ததன் பலன்தான் நீங்கள் உங்கள் குறிப்பில் "இரகசியக் குறியீடு" என்று எழுதி வைத்திருக்கும் பொருள். அது குறியீடு அல்ல. பூட்டு.

சாதாரணப் பூட்டில் பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. இதில் இரண்டு. பூட்டும் சாவியை ஊருக்கே கொடுத்துவிடலாம், சுவரில் ஒட்டலாம். திறக்கும் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கும். இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்கி, வந்த எண்ணை வெளியே வைக்கிறோம். பெருக்குவது சுலபம்; வந்ததைப் பார்த்து எந்த இரண்டைப் பெருக்கினார்கள் என்று கண்டுபிடிக்க உலகத்துக் கணினியெல்லாம் கூடினாலும் காலம் போதாது. இவ்வளவும் வெள்ளைக்காரன் ஐம்பது வருடத்துக்கு முன்பே செய்துவிட்டான். என் பங்கு தாயம், எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய சதுரம். செய்தியை ஒற்றை எண்ணாக வைக்காமல் நான்கு கட்டத்தில் நான்கு எண்ணாக வைத்தேன். அந்தத் தாயத்தை அதனாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கி, அந்தப் பெரிய எண்ணால் வகுத்த மீதியை மட்டும் எடுத்தேன். மூன்று கட்டங்களில் செய்தி இருக்கும். நான்காவது கட்டத்தை மற்ற மூன்றுமே தீர்மானிக்கும்: குறுக்காகப் பெருக்கிக் கழித்தால் சரியாக ஒன்று வரவேண்டும். துணிகோவை ஒன்று. அது அமைந்த அன்று நான் அழுதேன். என் மனைவியின் அடக்கத்தில்கூட அப்படி அழவில்லை.

வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினேன். இரண்டு வரியில் திருப்பி அனுப்பினார்கள். யாரோ ஒரு கற்றுக்குட்டி பார்த்திருப்பான்.

பிறகு போன மாசியில் எங்கள் மாதா கோயில் பங்குச் சபை என்னைக் கூப்பிட்டது. தோட்டத்துப் பெண்கள் முறைப்பாடு எழுதிப் போட ஒபிஸ் வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். போடும் கடிதங்கள் ஒன்று காணாமல் போகும், இல்லாவிட்டால் கையெழுத்தைப் பார்த்து ஆளைப் பிடித்துவிடுவார்கள். இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று பாதர் கேட்டார். நான் செய்து கொடுத்தேன். போனில் ஒரு பக்கம் திறக்கும். அதில் மூன்று எண்களைத் தட்டவேண்டும். முதலாவது, தோட்டத்துப் பதிவேட்டில் ஆளுக்குரிய செக்ரோல் நம்பர். இரண்டாவது, எந்த மலை. மூன்றாவது, என்ன விடயம்: தண்ணீருக்கு ஒன்று, நிறுவைக்கு இரண்டு, லீவுக்கு மூன்று, கைவைத்தால் நான்கு, இப்படி. நான்காவது கட்டத்தை என் பக்கமே நிரப்பிப் பூட்டிவிடும். நீண்ட எண் ஒன்று வரும். அதைக் கோயில் சுவரில் கண்ணாடிப் பலகைக்குள் எல்லோரும் பார்க்க ஒட்டிவிடுவார்கள். யாரும் கிழிக்க முடியாது, யாருக்கும் விளங்காது. திறக்கும் சாவி இரத்தினபுரியில் மர்லியா என்ற வக்கீலம்மாவிடம் மட்டும்.

ஏன் பெயர் கேட்காமல் செக்ரோல் நம்பரைக் கேட்டேன் என்று நேற்றுக் கேட்டீர்கள். நீங்கள் தோட்டத்தில் பிறக்கவில்லை. எங்கள் ஆட்கள் பெயரை மறந்தாலும் நம்பரை மறக்கமாட்டார்கள். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நம்பர், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நம்பர், சம்பளத்தில் நம்பர். அல்பர்ட்வேலில் ஒன்றிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு வரை இருக்கிறது.

இதில்தான் நுஸ்கா மூக்கை நுழைத்தார். றக்வானை பஸாரில் துணிக்கடை வைத்திருக்கும் பாறூக் ஹாஜியாரின் மகள். எங்கள் பாடசாலைக்குக் கணினி படிப்பிக்க வந்து இரண்டு வருடம். வயது இருபத்தெட்டு. ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சேர், ஒரு சோதன முறைப்பாடு பூட்டித் தாங்களே. எந்த நம்பரெண்டு எனக்குச் சொல்ல வேணாம்."

பூட்டிக் கொடுத்தேன். அவர் லெப்டொப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இடைவேளை மணி அடிக்கும் முன் திரும்பி வந்து, முந்நூற்று ஆறு என்றார். சரியாகத்தான் இருந்தது.

"நான் பூட்ட உடைக்கல்ல சேர். உங்கட பூட்டுற சாவி எல்லாருக்கும் தெரியுந்தானே. ஒண்டுல இருந்து நானூத்திப் பன்னெண்டு வரைக்கும், மலையையும் விசயத்தையும் மாத்தி மாத்தி, ஒவ்வொண்டா பூட்டிப் பாத்தேன். பலகையில இருக்கிற மாதிரியே எது வருதோ, அதுதான் ஆள். அந்த நாலாவது கட்டத்துல ஒவ்வொரு தடவையும் வேற வேற குப்ப நம்பர் ஒண்டு, பெரிசா போடுங்க சேர். அப்ப யாருக்கும் ஒப்பிட ஏலாது."

குப்பை நம்பர். அந்தச் சொல்லை அப்படியே எழுதுகிறேன். பதினொரு வருட உழைப்பில் நான் துணிகோவையை ஒன்றாக்கிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன், இந்தப் பெண் அதற்குள் குப்பை கொட்டச் சொல்கிறார். சமூகக்கல்வி றுகையா ரீச்சர் வாயைப் பொத்திச் சிரித்தார். ஏழும் எட்டும் பதினைந்து என்று விரல்விட்டு எண்ணுகிறவர் அவர்.

"அது உடைக்கிறது இல்ல மிஸ், ஊகிக்கிறது," என்று மட்டும் சொன்னேன்.

"கஷ்டப்படப் போறவங்களுக்கு ரெண்டும் ஒண்டுதானே சேர்," என்றார்.

அடுத்த ஞாயிறு பங்குச் சபையில் பாதர் கேட்டார், வேறு யாராவது இதைச் சரிபார்த்தார்களா என்று. நுஸ்கா மிஸ் பார்த்திருக்கிறார் என்று சொன்னேன். அது உண்மை. பார்த்தபின் அவர் என்ன சொன்னார் என்று பாதர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை யோசித்து நேரத்தை வீணாக்க நான் விரும்பவில்லை.

மரியாயியைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சரி. செக்ரோல் இருநூற்றுப் பதினேழு. நாற்பத்தொரு வயது, கணவன் இல்லை, ஒரே மகள் என் பத்தாம் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிறாள். சித்திரையில் ஒரு நாள் பாடசாலை விட்ட நேரம், கூடைக் கயிற்றுத் தழும்பு நெற்றியில் தெரிய, என் வகுப்பறை வாசலில் வந்து நின்றார்.

"சேர், அதுல நான் போட்டா என் பேரு வெளிய வராதுதானுங்களே? புள்ள இருக்குங்க."

பூட்டைப் பற்றி விளக்கினேன். என் மாணவர்கள் ஒரு தவணை முழுக்க விழிப்பதை அவர் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிடித்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டார்.

"அப்ப சேர், என் நம்பர வேற ஒருத்தவங்க எடுத்துப் போட்டாலும், இதே மாதிரிதான் வருங்களா?"

"ஆமா. அதுதான் கணக்கு. ஒரே எண்ணுக்கு ஒரே விடை."

"அப்ப யாராச்சும் எல்லாரு நம்பரையும் போட்டுப் போட்டுப் பாத்தா..." என்று இழுத்தார்.

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கொழுந்து பறிக்கும் ஒருத்தி என் பூட்டில் ஓட்டை தேடுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. அதை நான் காட்டவில்லை. அதற்கெல்லாம் யாருக்கும் மூளை இல்லை, நீங்கள் பயப்படாமல் போடுங்கள் என்றேன்.

"சரிங்க சேர். நீங்க சொன்னா சரிதானுங்க," என்றார்.

என் மேசையில் உட்கார்ந்துதான் தட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எந்த நம்பர், எந்த மலை, என்ன விடயம் எதையும் பார்க்கவில்லை. இந்த ஒழுங்கை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். மறுநாள் பலகையில் ஆறாவது தாள் ஏறியது.

முதல் ஐந்தும் தண்ணீர், கக்கூஸ், லீவு. ஆறாவதைத் திறந்த வக்கீலம்மா, போட்டவரை இரகசியமாகக் கண்டு பேசிவிட்டு, ஒபிசுக்குக் கடிதம் எழுதினார். ஏழாம் நம்பர் மலையில் ஒரு பெண்பிள்ளைமீது கைவைக்கப்பட்டதாகவும், பார்த்த சாட்சி ஒருவர் இருப்பதாகவும், வைகாசி இருபத்தோராம் திகதி விசாரணை என்றும் எழுதினார். யார் சாட்சி என்று எழுதவில்லை. ஏழாம் நம்பர் மலையில் பெண்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ஜெறோம்.

ஜெறோமை உங்களுக்கு இப்போது தெரியும். என் பார்வையில் அவன் பத்து வரை எண்ணத் தெரிந்த ஒரு காட்டெருமை. அவன் வேலை செய்யும் விதத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கொழுந்து மடுவத்தில் சில நாள் முத்தல் இலையும் தண்டுமாக ஒரு சாக்கு கிடக்கும். யாருடையது என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போய்விடும் என்ற பயம். ஜெறோம் விசாரிக்கமாட்டான். சம்பந்தமே இல்லாத ஒருத்தியின் நம்பரைச் சத்தமாகச் சொல்லி, இது அவள் சாக்கு, அவள் பேரை வெட்டு என்பான். உடனே கூட்டத்தில் உண்மை தெரிந்த யாராவது பொறுக்கமாட்டாமல், "ஐயோ அது அவளோடது இல்லைங்க, இந்தா இவளோடது" என்று கத்திவிடுவார்கள். அவ்வளவுதான் அவன் புத்தி. படிப்பில்லாத கூட்டத்தை மேய்க்க அது போதும்.

வைகாசி பன்னிரண்டாம் திகதி, சனிக்கிழமை, பத்து மணி. றக்வானை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே றம்ஸான் நானாவின் தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஜெறோம் உள்ளே வந்து, நாலு பேர் கேட்க என் எதிரே உட்கார்ந்தான்.

"சேர், தப்பா நெனைக்காதீங்க. உங்க பூட்ட ஒடச்சாச்சு. கொழும்புல கம்பஸ்ல படிக்கிற நம்ம பய ஒருத்தன், அர மணி நேரத்துல தொறந்துட்டான். எண்பத்தெட்டு. அனிற்றாதான் போட்டிருக்கா."

நான் சிரித்தேன். முடியாது என்றேன்.

"என்னங்க சேர் முடியாது. தோட்டத்துல செஞ்ச பூட்டுதானே. அவங்கள்லாம் இங்கிலீசுல படிச்ச ஆளுங்க."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி. கேட்டுக்கொண்டிருந்த றம்ஸான் நானா, "விடுங்க ரெஜினோல்ட் சேர், நீங்களும் ஒரு முயற்சி பண்ணினீங்கதானே" என்று ஆறுதல் வேறு சொன்னார். அந்த ஆறுதலுக்கு நான் என்றைக்கும் அவரை மன்னிக்கப்போவதில்லை.

வீட்டுக்குப் போனேன். ஒன்றிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு வரை ஓடவிட்டேன். மலை ஏழு, விடயம் நான்கு. அது ஊரே பேசிய வக்கீலம்மாவின் கடிதத்திலேயே இருந்தது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எண்பத்தெட்டு பொருந்தவில்லை. அதாவது கொழும்புப் பையன் எதையும் திறக்கவில்லை, அப்படி ஒரு பையன் இருக்கிறானோ என்பதே சந்தேகம். இருநூற்றுப் பதினேழு பொருந்தியது.

ஒரு மணி போலத் திரும்பிக் கடைக்கு வந்தேன். ஜெறோம் போகாமல் அங்கேயே இருந்தான். பொறுமையாக வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். என் போனை அவன் முன்னால் வைத்தேன். எண்பத்தெட்டு, ஏழு, நான்கு என்று தட்டிக் காட்டினேன். வந்த எண்ணையும் பலகையின் படத்தையும் பக்கத்தில் வைத்தேன். முதல் இலக்கத்திலேயே வேறு. பிறகு இருநூற்றுப் பதினேழு, ஏழு, நான்கு. ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து ஒப்பிட்டுக் காட்டினேன். கடைசி இலக்கம்வரை ஒன்று.

"பாத்தியா. ஒன் கம்பஸ்காரன் சொன்னது பொய். யாரும் ஒடைக்கல்ல," என்றேன்.

ஜெறோம் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப சரிங்க சேர். பூட்டு நல்ல பூட்டுதான்," என்று எழுந்து போனான்.

பதினொரு வருடத்தில் என் பூட்டைப் பற்றி ஒரு மனிதர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. மலையேறும் பஸ்ஸில் அன்று எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

பதினாறாம் திகதி மத்தியானம் ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே, கல் கட்டிய வடிகாலான கல்லுக்கானில் மரியாயியைக் கண்டெடுத்தார்கள். கால் தவறியது என்றார்கள் முதலில். இருபது வருடம் அதே மலையில் ஏறி இறங்கிய கால். பின்மண்டைக் காயம் கல்லில் பட்டதல்ல, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடியால் பட்டது என்று உங்கள் வைத்தியர் கண்டுபிடித்தார். இருபத்தோராம் திகதி விசாரணை நடக்கவில்லை, சாட்சி இல்லை. மகள் இப்போது தெஹியோவிட்டையில் தாய்மாமன் வீட்டில் இருக்கிறாளாம். அவள் வாங்கு காலியாக இருக்கிறது.

முதல் நாள் நீங்கள் வந்தபோது நான் நுஸ்காவின் பெயரைச் சொன்னேன். பூட்டைத் திறக்கும் உபாயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்றேன். அதிலும் பொய் இல்லை. அந்த உபாயத்தைக் கண்டுபிடித்தது அவர்தானே. அவரையும் அவர் வாப்பாவையும் இரண்டு நாள் இங்கே உட்கார வைத்தீர்கள், கடையைப் பூட்டினீர்கள். உங்கள் அவசரத்துக்கு நான் பொறுப்பல்ல. பிறகு றம்ஸான் நானா வந்து, தேநீர்க்கடையில் பார்த்ததைச் சொல்லிவிட்டார். ஆறுதல் சொல்லும் மனிதர்களை நம்பக்கூடாது.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். கொழுந்து மடுவத்தில் பொய் நம்பரைச் சொல்லி உண்மை நம்பரை வாங்குகிற மாதிரியே, எண்பத்தெட்டு என்று சொல்லி இருநூற்றுப் பதினேழை ஜெறோம் என்னிடமும் வாங்கிவிட்டானே, அது எனக்கு உறைக்கவில்லையா என்று. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறீர்கள். அந்தப் பெண்கள் பொறுக்கமாட்டாமல் கத்துகிறவர்கள். நான் நிரூபித்தேன். அனிற்றா என்ற அப்பாவியைக் காப்பாற்றத்தான் சொன்னீர்களா என்று சார்ஜன்ட் எனக்கு ஒரு வழி எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர், ஆனால் பொய் எழுத நான் பழகவில்லை. எண்பத்தெட்டு யார் என்பதை நான் அப்போது யோசிக்கவே இல்லை. இருநூற்றுப் பதினேழு யார் என்பது எனக்குத் தெரியும். என் மேசையில் உட்கார்ந்து தட்டியவர். ஜெறோம் எதற்காகக் கேட்கிறான் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கடைக்குத் திரும்பி நடந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மரியாயியைக் கொன்றவனுக்கு அவரைக் காட்டிக் கொடுத்தது நான். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எதுவும் தரவில்லை.

ஒரு திருத்தம் மட்டும். உங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் "குறியீடு உடைக்கப்பட்டது" என்று இருக்கிறது. அதை வெட்டிவிடுங்கள். இன்றுவரை என் பூட்டை யாரும் உடைக்கவில்லை. இந்த அறையில் கிடைத்த ஓய்வில் அதை இன்னும் பலப்படுத்தியிருக்கிறேன்: நான்காவது கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக, யாரும் ஊகிக்க முடியாத பெரிய எண் ஒன்றை வைக்கவேண்டும். துணிகோவை ஒன்றாக இருக்கத் தேவையில்லை. அப்படி வைத்தால் உலகத்தில் எவனாலும் ஒப்பிட்டுப் பார்த்து ஆளைப் பிடிக்க முடியாது. வேறு யாரும் உரிமை கொண்டாடி வரக்கூடும் என்பதால், இந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது என்பதையும் வாக்குமூலத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.